பள்ளி மண்டபம் நிவாரண மையமானால் குழந்தைகளுக்குத் தனி மருத்துவ ஏற்பாடு எதற்கு?

செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கும் சகோதரி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "வெள்ளம் வந்தால் எங்கள் பள்ளி மண்டபத்தைத்தான் பிபிஎஸ், அதாவது தற்காலிக நிவாரண மையம், ஆக்குவார்கள். போன தடவை வந்த தாதி, குழந்தைகளுக்கு மருத்துவ ஏற்பாடு தனியாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவர்களுக்குக் கொடுப்பதையே அளவு குறைத்துக் கொடுத்தால் போதாதா? இதற்கென்று ஆராய்ச்சி எல்லாம் நடந்திருக்கிறதா? நாங்கள் எதை முதலில் செய்வது?"

போதாது, சகோதரி. அந்தத் தாதி சொன்னது சரி. ஆராய்ச்சியும் நிறையவே நடந்திருக்கிறது. அதில் சில, தமிழ்க் குழந்தைகள் நடுவிலேயே நடந்தவை. பினாங்கில் குழந்தைகள் மருத்துவத்தில், பெரும்பாலும் அவசரப் பிரிவில், பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பேரிடர் என்றதும் ஹெலிகாப்டரும் அறுவைச் சிகிச்சையும்தான் நம் நினைவுக்கு வரும். ஆய்வுகளைப் படித்தால், குழந்தைகளின் உயிர் பெரும்பாலும் தண்ணீர், தாய்ப்பால், எடை, பெயர்ப்பதிவு என்று சின்னச் சின்னக் காரியங்களில் தங்கியிருப்பது தெரியும். அவை ஒரு பள்ளியால் ஆகக்கூடிய காரியங்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இங்கே பினாங்கில். அன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போன குடும்பங்கள் பல. அதே சுனாமி இலங்கையின் அம்பாறை மாவட்டத்தையும் அடித்தது. அங்கே முகாம்களில் இருந்த குடும்பங்களை விசாரித்து, 3,533 பேரின் கதி என்னவானது என்று ஓர் ஆய்வு செய்தார்கள். இருபதுகளில் இருந்தவர்களில் இறந்தவர்கள் 7.4 விழுக்காடு. ஐந்து வயதுக்கும் கீழ்ப்பட்ட குழந்தைகளில் 31.8 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளை. அநேகமாக எல்லா மரணமும் அலை வந்த வேளையிலேயே நடந்துவிட்டது, மருத்துவர் கைக்கு வருவதற்கு முன்பே. அதனால்தான் எங்கே பேசினாலும் இதை முதலில் சொல்கிறேன்: வெள்ளத் தண்ணீரில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். முழங்கால் அளவுதானே என்று தோன்றும். கலங்கிய தண்ணீருக்கு அடியில் பெரிய சாக்கடை எங்கே திறந்து கிடக்கிறது என்று மேலிருந்து தெரியாது. மண்டபத்தில் வந்து சேர்ந்த பிறகு, வேடிக்கை பார்க்க வெளியே ஓடும் பையன்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிப்பதுகூட மருத்துவ ஏற்பாடுதான்.

அளவு குறைத்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்டீர்கள். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே சுமார் 800 மில்லி லிட்டர்தான். ஒரு கிளாஸ் அளவு, அதாவது 200 மில்லி போய்விட்டால் கால்வாசி போய்விட்டது. அப்படிப் போன பிறகும் குழந்தையின் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்காது. உடம்பு இழுத்துப் பிடித்துச் சமாளித்துக்கொண்டே இருக்கும், பிறகு ஒரேயடியாக விழும். அழுத்தம் நன்றாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தால் ஏமாந்துபோவோம். நாடித் துடிப்பு, கைகால் சில்லிட்டிருப்பது, அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடப்பது, இவைதான் முன்கூட்டியே சொல்லும். விலா எலும்புகள் வளைந்து கொடுப்பதால், வெளியே எலும்பு முறியாமலேயே உள்ளே நுரையீரல் நசுங்கியிருக்கலாம். எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், அதனால் ஈரத் துணியோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலே சின்னக் குழந்தைக்கு உடல் சூடு இறங்கத் தொடங்கிவிடும், நம் ஊர் வெயிலிலும்கூட. மண்டபத்துக்குள் வந்ததும் பால், பிஸ்கட் எல்லாவற்றுக்கும் முன்னால் காய்ந்த துணியும் தலைக்குத் துவாலையும்.

மூச்சும் அப்படித்தான். பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார் என்றால் கைக்குழந்தை 30 முதல் 60 தடவை விடும். காற்றில் நச்சு கலந்திருந்தால், தன் எடைக்கு அதிகமாக அதை உள்ளே இழுப்பது குழந்தைதான். பல இரசாயன ஆவிகள் காற்றைவிடக் கனமானவை, தரையை ஒட்டியே தங்கும், பிள்ளைகளின் மூக்கும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியபோது முதலில் மயங்கியவர்களில் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அந்த வட்டாரத்தில் 111 பள்ளிகளை மூட வேண்டி வந்தது. பிறையிலும் தொழிற்பேட்டைகளை ஒட்டிப் பள்ளிகள் இருக்கின்றன. வெள்ளத்துக்கு மட்டும் திட்டம் போடாதீர்கள்.

அடுத்து, ஆராய்ச்சி எதற்கு, அனுபவம் போதாதா என்ற கேள்வி. நான் மதிக்கும் மூத்த மருத்துவர்கள்கூட இதைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் எடுத்துச் சொல்வது ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வை. கடும் காய்ச்சலோடு இரத்த ஓட்டம் குன்றி வரும் குழந்தைக்கு நரம்பு வழியாக வேகமாகத் திரவம் ஏற்ற வேண்டும் என்பது உலகம் முழுவதும் பாடமாகச் சொல்லிக் கொடுத்த விதி. கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்று நாடுகளில் 3,141 குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். 2011இல் முடிவு வந்தது. வேகமாகத் திரவம் ஏற்றிய குழந்தைகளில் சுமார் 10.5 விழுக்காட்டினர் 48 மணி நேரத்துக்குள் இறந்தார்கள், அப்படி ஏற்றாத குழந்தைகளில் 7.3 விழுக்காட்டினர். நல்லது என்று நம்பிச் செய்த வைத்தியம் உயிரைப் பறித்துக்கொண்டிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத மருத்துவமனைகளில், மலேரியா போன்ற நோய்களோடு வந்த பிள்ளைகள் அவர்கள். வயிற்றுப்போக்கால் வறண்டுபோன குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அதனால் இதை எல்லா இடத்துக்கும் நீட்டிச் சொல்லக்கூடாது. ஆனால் சோதித்துப் பார்த்திருக்காவிட்டால் இது யாருக்கும் தெரிந்தே இருக்காது.

அந்த ஆய்வில் பெற்றோரின் சம்மதம் பெரிய விவாதமானது. பிள்ளை கண் சொருகிக் கிடக்கும்போது ஒரு தாயிடம் பத்துப் பக்கப் படிவத்தை நீட்ட முடியுமா? முதலில் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு, குழந்தையின் நிலை தேறிய பிறகு முழு விவரமும் சொல்லி எழுத்தில் வாங்கும் முறையைக் கையாண்டார்கள். அது சரியான வழி என்றே நினைக்கிறேன். குழந்தைகளைப் பாதுகாப்பதாகச் சொல்லி அவர்களை எல்லா ஆய்விலிருந்தும் விலக்கி வைத்தால், பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் ஊகத்தில்தான் வைத்தியம் செய்கிறோம் என்று ஆகிவிடும்.

பேரிடர் முகாமிலேயே பிறந்த ஆய்வு ஒன்று உண்டு, நம் மண்டபங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. 1971, வங்காளதேசப் போர். இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்தபோது பொன்காவ் முகாமில் காலரா பரவியது. அங்கே போனவர் திலீப் மகலனாபிஸ் என்ற குழந்தைகள் மருத்துவர். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டே வந்தது. தரையெல்லாம் நோயாளிகள். உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் சரியான அளவில் கலந்து பொட்டலம் கட்டி, குழாய் வைத்த பீப்பாய்களில் கரைத்து, நோயாளியின் உறவினர்களையே கிண்ணத்தில் பிடித்துக் குடிக்க வைக்கச் சொன்னார். அப்போது மருத்துவ உலகம் அதை முழுதாக நம்பியிருக்கவில்லை. முகாமில் 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு, அவர் பார்த்த நோயாளிகளிடையே 3.6 விழுக்காட்டுக்கு வந்தது. இன்று எந்தக் கிளினிக்கிலும் கிடைக்கும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் கலவையான ஓஆர்எஸ் பொட்டலத்துக்குப் பின்னால் இருப்பது அந்த முகாம்தான். 2022இல் அவர் காலமானார்.

உங்கள் மண்டபத்தில் ஓஆர்எஸ் இருக்கட்டும், நிறையவே. பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அதே அளவு, கொதித்து ஆறிய தண்ணீர். ருசிக்காகச் சீனி சேர்க்காதீர்கள், அது வயிற்றுப்போக்கைக் கூட்டும். வாந்தி எடுக்கும் குழந்தைக்கு ஒரு ஸ்பூன் கொடுத்து, ஓரிரு நிமிடம் விட்டு அடுத்த ஸ்பூன். பாட்டிமார் இதில் கெட்டிக்காரர்கள். கூடவே துத்தநாக மாத்திரை கொடுப்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதைக் கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள்.

பால் விஷயத்துக்கு வருகிறேன். இது என் மனத்தை மிகவும் வருத்தும் விஷயம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை உலுக்கிய வெள்ளத்துக்குப் பிறகு நிவாரண மையங்களில் நான் பார்த்த காட்சி ஒன்றைச் சொல்கிறேன். மேடைப் பக்கம் ஆள் உயரத்துக்குப் பால் டின்கள், நல்ல மனத்தோடு கொண்டுவந்து கொடுத்தவை. கழிப்பறைக்கு வெளியே கைகழுவும் குழாயில், பிளாஸ்க் மூடியில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, ஓர் இளம் தாய் புட்டியின் நிப்பிளை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரஷ் இல்லை. குழந்தைக்கு மூன்று மாதம் இருக்கும். அதுவரை தாய்ப்பால்தான் கொடுத்திருக்கிறார். பயத்தில் பால் வற்றிவிட்டது என்று யாரோ சொல்ல, டின்னைத் திறந்துவிட்டார்.

2006 மே மாதம் இந்தோனேசியாவின் ஜோக்ஜகார்த்தாவில் நிலநடுக்கம் வந்த பிறகு இதையே ஆராய்ந்தார்கள். நன்கொடைப் பால் மாவு பெற்ற குழந்தைகளில் ஒரு வாரத்தில் 25.4 விழுக்காட்டினருக்கு வயிற்றுப்போக்கு. பெறாதவர்களில் 11.5 விழுக்காடு. இரண்டு மடங்குக்கும் மேல். டின்னில் குறை இல்லை. தண்ணீர், புட்டி, கழுவ இடம், இவை மூன்றும் சரியாக இல்லாத இடத்தில் அந்த டின் ஆபத்தாகிறது. அதிர்ச்சியால் பால் வற்றிப்போவதில்லை. பதற்றத்தில் பால் இறங்குவது சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். குழந்தையை அடிக்கடி மார்பில் வைத்துப் பால் குடிக்க விட்டால் இறங்கிவிடும். தாய்க்கு வேண்டியது ஒரு மறைப்பு, உட்கார ஒரு நாற்காலி, குடிக்கத் தண்ணீர், "ஒன்றும் ஆகாது, கொடு" என்று சொல்ல ஒரு பெரிய மனுஷி. மண்டபத்தின் ஒரு மூலையில் சேலை கட்டி மறைத்தால்கூடப் போதும்.

அதற்காகப் பால் மாவே கூடாது என்று சொல்லவில்லை. ஏற்கெனவே பால் மாவு குடித்து வளரும் குழந்தைக்கு அது கட்டாயம் வேண்டும். அந்தக் குழந்தைகள் யார் என்று பெயர் எழுதி, அவர்களுக்கு மட்டும், ஒரே பொறுப்பாளர் கையால் கொடுங்கள். புட்டியைவிடச் சின்னக் கிண்ணம் நல்லது, கழுவ எளிது. அப்போது கொதித்த நீரில் கலந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றிக் கொடுங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். இனிப்புக் கெட்டிப்பால் டின்னும் நிவாரணப் பொருளோடு வரும். அது கைக்குழந்தைக்கு உணவே இல்லை, தனியாக எடுத்துச் சமையல்கட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நன்கொடையாளர்களிடம் முன்கூட்டியே பேசினால் டின்னுக்குப் பதில் பேம்பர்ஸும் சோப்பும் துவாலையும் கொண்டுவருவார்கள்.

காயம்பட்டவர்கள் கூட்டமாக வரும் சம்பவம் வேறு மாதிரி. 1988 ஜூலை 31இல் பட்டர்வொர்த் ஃபெரி துறைமுகத்தில் மேல்தளம் இடிந்து விழுந்து 32 பேர் இறந்தார்கள், காயமடைந்தவர்கள் 1,600க்கு மேல். அப்படிப்பட்ட நேரத்தில் யாரை முதலில் பார்ப்பது என்று வரிசைப்படுத்த ஒரு முறை வேண்டும். பெரியவர்களுக்கான முறையில், மூச்சுப்பாதையைத் திறந்துவிட்டும் மூச்சு வரவில்லை என்றால் இனிக் காப்பாற்ற முடியாதவர் என்பதற்கு அடையாளமான கறுப்பு அட்டையைக் கட்டிவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். குழந்தைகளிடம் இது தவறாகிவிடும். பெரியவருக்கு மூச்சு நின்றிருந்தால் பெரும்பாலும் இதயமும் நின்றிருக்கும். குழந்தைக்கு மூச்சு முதலில் நின்று, இதயம் இன்னும் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் ஐந்து மூச்சு ஊதினால் மீளக்கூடிய பிள்ளை உண்டு. இதைக் கருத்தில் கொண்டு அமெரிக்க மருத்துவர் லூ ரோமிக் 1995இல் வகுத்ததுதான் ஜம்ப்ஸ்டார்ட் முறை. நாடி இருந்து மூச்சு இல்லாத குழந்தைக்கு ஐந்து மூச்சு கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கறுப்பு அட்டை.

ஆனால் அதையும் வேதமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. கேப் டவுனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட காயம்பட்ட குழந்தைகளின் விவரத்தை வைத்து இத்தகைய முறைகளை ஒப்பிட்டு, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். உண்மையிலேயே ஆபத்தில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோரை ஜம்ப்ஸ்டார்ட் தவறவிட்டது. மற்றவையும் பாதியைக்கூட எட்டவில்லை. ஆகவே ஒரு தடவை பார்த்து அட்டை கட்டியதோடு விட்டுவிடாமல் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றே பயிற்சியில் சொல்கிறோம். உங்கள் பள்ளிக்கு இந்த முறைகள் தேவைப்படாது. ஆசிரியர்களில் நாலைந்து பேர் குழந்தைகளுக்கான சிபிஆர், அதாவது மார்பை அழுத்தி மூச்சு ஊதும் முதலுதவி, கற்றுக்கொள்வது கட்டாயம் தேவைப்படும்.

இந்த முழுப் பதிலிலும் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், பதிவு மேசையில் ஒரு எடைபார்க்கும் மெஷினை வையுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை கிலோ என்று எழுதுங்கள். குழந்தை மருந்து எல்லாமே எடைக்கணக்கு. நம் நாட்டில் பாரசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இரண்டு வகையாக விற்கிறது. நன்கொடைப் பெட்டியில் இரண்டும் கலந்தே வரும். பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் என்றால் ஒரு புட்டியில் அது 6 மில்லிக்குச் சற்று மேல், இன்னொன்றில் 3 மில்லி. இரவு இரண்டு மணிக்கு, மங்கிய விளக்கில், தூக்கக் கலக்கத்தில் ஸ்பூனால் ஊற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரு வகையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிளினிக்கில் ஒப்படைத்துவிடுங்கள், ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். மருத்துவமனையில் எடை தெரியாத குழந்தைக்கு, நீளத்தை அளந்து எடையையும் மருந்தளவையும் சொல்லும் வண்ணப்பட்டை நாடா உண்டு. அந்த நாடாவின் வேலையில் பாதியை உங்கள் பதிவேடே செய்துவிடும்.

பதிவேட்டைப் பற்றி இன்னொன்று. 2005இல் அமெரிக்காவைக் கத்ரீனா, ரீட்டா புயல்கள் தாக்கியபோது குடும்பத்தைப் பிரிந்த பிள்ளைகள் என்று பதிவானவர்கள் 5,192 பேர். கடைசிப் பிள்ளை குடும்பத்தோடு சேர்ந்தது அடுத்த ஆண்டு மார்ச்சில். அவ்வளவு வசதியுள்ள நாட்டில் ஆறு மாதம். குடும்பத் தலைவர் பெயரும் மொத்த எண்ணிக்கையும் மட்டும் எழுதினால் போதாது. பிள்ளையின் பெயர், மைகிட் (குழந்தை அடையாள அட்டை) எண், யாரோடு வந்தது, எந்த மருந்துக்கு ஒவ்வாமை, எல்லாம் வேண்டும். பேசத் தெரியாத குழந்தையின் முன்கையில் தாயின் போன் எண்ணை மார்க்கரால் எழுதிவிடலாம். பிள்ளைகளை ஒரு படகிலும் தாயை இன்னொன்றிலும் ஏற்றாதீர்கள் என்று மீட்புக் குழுவிடம் கெஞ்சியாவது சொல்லுங்கள்.

நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகளைப் பெற்றோர் கேட்காமலேயே நீங்கள் கேட்டு எழுத வேண்டும்: இழுப்பு, வலிப்பு, நீரிழிவு, தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய். மாத்திரை வீட்டில் வெள்ளத்தோடு போயிருக்கும், சொல்லத் தயங்குவார்கள். தட்டம்மை முகாமில் மின்னலாகப் பரவும், 1991இல் பிலிப்பீன்ஸில் பினாதுபோ எரிமலை வெடித்த பிறகு முகாம்களில் பல குழந்தைகளைக் கொன்றது அதுதான். நம் நாட்டில் 9, 12 மாதங்களில் தட்டம்மையையும் தடுக்கும் எம்எம்ஆர் ஊசி போடுகிறார்கள். கிளினிக் கொடுத்த குழந்தை சுகாதாரப் புத்தகத்தின் ஊசிப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளும்படி பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு வீடு கழுவும்போது வெறுங்காலோடு பிள்ளைகள் நிற்க வேண்டாம், எலி சிறுநீரால் வரும் காய்ச்சல் அப்போதுதான் வரும்.

மனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்தில் 1966இல் நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து பள்ளியை மூடியதில் 116 பிள்ளைகள் இறந்தார்கள். தப்பிப் பிழைத்தவர்களை 33 ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது அவர்களில் 29 விழுக்காட்டினர் இன்னும் அந்த அதிர்ச்சியோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று நாம் சொல்வது நம்முடைய ஆறுதலுக்காகத்தான். அதே சமயம் உதவி பலிக்கிறது. சுனாமி வந்த சில வாரங்களிலேயே இலங்கையின் வடகிழக்கில் 31 தமிழ்ப் பிள்ளைகளுக்கு, உள்ளூரில் பயிற்சி பெற்றவர்களே இரண்டு விதமான உதவி செய்து பார்த்தார்கள். ஒன்று, நடந்ததைக் கதையாக வரிசைப்படுத்திச் சொல்ல வைப்பது. மற்றது, தியானமும் மூச்சுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் குழுவில் 71 விழுக்காட்டினரும் மீண்டிருந்தார்கள். இதெல்லாம் பயிற்சி பெற்றவர்கள் செய்வது. மண்டபத்தில் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து "என்ன நடந்தது, சொல்லு" என்று யாரும் கிளற வேண்டாம். வெள்ளம் வருகிற மாதிரி அவர்களாக விளையாடினால் விளையாடட்டும். ஒரு மாதத்துக்குப் பிறகும் தூக்கம் கெட்டு, பேச்சு குறைந்து, படுக்கை நனைந்துகொண்டிருந்தால் கிளினிக்கில் காட்டுங்கள்.

நம் பக்கம் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை கனக்கும், அதனால் ஆகஸ்டுக்குள் உங்கள் சங்கம் பக்கத்துச் சுகாதாரக் கிளினிக்கின் மூத்த தாதியை ஒருமுறை மண்டபத்துக்கு அழைத்து வந்து காட்டட்டும். குழாய் எங்கே, மறைப்பு எங்கே கட்டுவது, மெஷின் எங்கே வைப்பது என்று அவரே சொல்லிவிடுவார். மையம் திறந்த நாளிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டில் தினமும் எழுதி வாருங்கள்: எத்தனை பிள்ளைகள், என்ன வயது, யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வயிற்றுப்போக்கு, எந்தப் பால் குடித்த குழந்தை. ஒரே நாளில் மூன்று பிள்ளைகளுக்கு வயிறு போனால் மறுநாள் காலைவரை காத்திராமல் அன்றைக்கே கிளினிக்குக்குச் சொல்லுங்கள். மையம் மூடியதும் அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதை மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கொடுத்து, பிரதி ஒன்றைப் பள்ளியில் வைத்துக்கொள்ளுங்கள். அம்பாறையில் குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதியதும், ஜோக்ஜகார்த்தாவில் பால் டின்னைப் பற்றி எழுதியதும் இப்படிப்பட்ட கேள்விகள்தான்.